பர்ஃபிக்குள் மறைந்துபோகும் சொத்தைக் கடலை

வீட்டிலேயே இனிப்பு செய்து விற்கும் பெண்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன மாதம் ஒரு வகுப்புக்கு ஓர் அக்கா நிலக்கடலை பர்ஃபி கொண்டுவந்தார். பதம் அவ்வளவு அருமை, வாயில் போட்டதும் கரைந்தது. "கடலை எங்கேக்கா வாங்குறீங்க?" என்று கேட்டேன். "உடைசல்தான் மேடம். எப்படியும் பொடிக்கத்தானே போறோம், விலையும் குறைச்சல்" என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடலை மிட்டாயில் பருப்பு கண்ணுக்குத் தெரியும். கறுத்தது ஒன்று இருந்தால் எடுத்துப் போட்டுவிடுவோம். தப்பி வாய்க்குள் போனாலும் கசந்தால் துப்பிவிடுவோம். பர்ஃபியில் அதற்கெல்லாம் வழியில்லை. பொடித்ததும் நிறம் மறைந்துவிடும். கசப்பைச் சர்க்கரை மூடிவிடும்.

பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில் இருந்தது இந்த நஞ்சு. 1974இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, கல்லீரல் கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

"வறுத்தா போயிடாதா?" இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. பூஞ்சை செத்துவிடும். அது உள்ளே விட்டுப்போன நஞ்சு, வறுக்கும் சூட்டில் ஓரளவு குறையுமே தவிர முழுக்கப் போகாது. கம்பிப் பதப் பாகின் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நம் கையில் இருப்பது பொறுக்குவதுதான். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒருசில பருப்புகளில் குவிந்திருக்கும். அதனால் அந்தச் சிலவற்றை எடுத்தாலே பெருமளவு குறையும். இரண்டு முறை பொறுக்குங்கள். வறுக்கும் முன் முறத்தில் பரப்பி, சுருங்கியது, முளைவிட்டது, பூச்சி துளைத்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் நீக்குங்கள். வறுத்துத் தோல் நீக்கியபின் இன்னொரு முறை வெளிச்சத்தில் பாருங்கள். பாதியாகப் பிளந்த பருப்பின் உட்புறம் அப்போதுதான் தெரியும். மற்றதைவிடக் கருத்திருப்பதை ஒதுக்குங்கள். பெரிய ஆலைகளிலும் தோல் நீக்கியபின் நிறம் பார்க்கும் இயந்திரத்தில் விட்டுத்தான் பிரிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தப்புவதும் உண்டு. அதனால் உடைசலே வேண்டாம். ஓடு போய், உடைந்து, மாதக்கணக்கில் கிடந்த பருப்பில் பூஞ்சை எளிதாக ஏறும், பொறுக்கவும் முடியாது. முழுப் பருப்பாக, கடித்தால் மொறுக்கென்று உடைவதாக வாங்குங்கள். நமுத்திருந்தால் ஈரம் என்று அர்த்தம். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

மற்றது நீங்கள் அறிந்ததுதான். ஆறிய கடலையை விட்டு விட்டு அரைத்தால் எண்ணெய் விடாது. ஒரு கம்பிப் பதத்தில் பொடியைக் கொட்டிக் கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் நெய் தடவிய தட்டில் கொட்டிவிடலாம்.

ஒதுக்கிய சொத்தையை மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீர்கள். மாடு தின்றால் நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் காய்ச்சினாலும் போகாது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.