ஃபோர் ட்வென்ட்டி

"அவன் ஒரு ஃபோர் ட்வென்ட்டிப்பா" என்று சென்னையில் சொன்னால் மேல்விளக்கம் யாரும் கேட்பதில்லை. பொய் சொல்லிக் காசு பார்ப்பவன், அவ்வளவுதான். டுபாக்கூர் என்பதைக் கம்பெனிக்கும் சொல்லலாம். ஃபோர் ட்வென்ட்டி பெரும்பாலும் ஆளுக்குத்தான். வசவுதான், ஆனால் லேசான வியப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண் வந்தது இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த அதன் 420ஆவது பிரிவு, ஒருவரை ஏமாற்றி அவர் பொருளைக் கொடுக்கவைத்தால் 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம் என்றது. ஏமாற்றுதல் எது என்று வரையறுத்தது 415ஆவது பிரிவு. அங்குள்ள உதாரணங்கள் சுவையானவை. அரசு அதிகாரி என்று பொய் சொல்லிக் கடனுக்குச் சரக்கு வாங்குபவன், வைரமில்லை என்று தெரிந்தே வைரமென அடகு வைப்பவன். இப்போதும் செய்தித்தாளில் இவர்களைப் பார்க்கலாம்.

அவுரி உதாரணம்தான் முக்கியம். அவுரிச் செடி தருகிறேன் என்று ஒருவன் முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் குற்றம். தர நினைத்துத்தான் வாங்கினான், பிறகு சொல் தவறினான் என்றால் உரிமையியல் வழக்கோடு சரி. கைமாத்து வாங்கித் திருப்பித் தராத சித்தப்பாவை ஃபோர் ட்வென்ட்டி என்று திட்டலாம். வழக்குப் போட வேண்டுமானால், வாங்கிய அன்றே அவர் மனதில் கள்ளம் இருந்ததைக் காட்ட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 420 இப்போது அதன் 318(4). அதற்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் 420 இன்னும் செய்திகளில் வரும். ஒருவரை 'த்ரீ எய்ட்டீன்' என்று திட்டி நான் கேட்டதில்லை.

சரி, தமிழில்? செயலுக்கு 'மோசடி'. 'ஏமாற்று' அதைவிட அகலமான சொல். மழைகூட நம்மை ஏமாற்றும், மோசடி செய்யாது. திருக்குறளில் 'படிறு' என்றொரு நல்ல சொல் உண்டு, ஆனால் இன்று பேச்சில் இல்லை. ஆளுக்கு 'மோசடிப் பேர்வழி' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன; எனக்குப் பிடித்தது 'எத்தன்'. 'எத்தனுக்கு எத்தன்' என்னும்போது அந்த வியப்பும் கூடவே வந்துவிடுகிறது.

எழுதும்போது இரண்டைக் குழப்ப வேண்டாம். வேறொருவராக நடித்து ஏமாற்றுவது 'ஆள்மாறாட்டம்'. நம்பி ஒப்படைத்த பொருளைச் சுருட்டுவது 'நம்பிக்கை மோசடி'. பழைய சட்டத்தில் அது 405, 420 அல்ல.