மின்சாரம் போனாலும் எஞ்சின் ஓடும்

செஸ்னா 172 போன்ற ஒரு சிறு விமானம் நடுவானில் இருக்கும்போது அதன் மின்சாரம் முழுக்கப் போய்விட்டால் என்ன ஆகும்? எஞ்சின் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம், மேக்னெட்டோ. இந்த விமானத்தின் பிஸ்டன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். இந்த எட்டு பிளக்குகளையும் இரண்டு மேக்னெட்டோக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. எஞ்சின் சுழலும்போது மேக்னெட்டோவுக்குள் இருக்கும் நிலைக்காந்தமும் கூடவே சுழல்கிறது. அருகிலுள்ள கம்பிச்சுருளில் அதனால் மின்னோட்டம் பிறக்கிறது. சரியான கணத்தில் ஒரு சின்னத் தொடுமுனை விலகி அந்த ஓட்டத்தைச் சட்டென்று துண்டிக்கிறது. உடனே, மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய இரண்டாவது சுருளில் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டுக்கு எகிறி, பிளக் முனையில் பொறியாகத் தாவுகிறது. இதில் பேட்டரிக்கு எந்த வேலையும் இல்லை.

இந்த மேக்னெட்டோவை அணைக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்புதான். சாவியை 'ஆஃப்' பக்கம் திருப்பினால் ஒரு கம்பி மேக்னெட்டோவை எர்த்தோடு இணைக்கிறது, பொறி நின்றுபோகிறது. அந்தக் கம்பி வழியில் எங்காவது அறுந்துபோனால் மேக்னெட்டோவை அணைக்க முடியாது. அதாவது, பழுது வந்தால் எஞ்சின் ஓடும் பக்கம் சாயட்டும் என்று யோசித்தே வடிவமைத்திருக்கிறார்கள். வானத்தில் அது உயிர் காக்கும். தரையில் அதுவே ஆபத்து. சாவி கையில் இருந்தாலும், நிற்கும் விமானத்தின் புரொப்பெல்லரை அலட்சியமாகத் தொடக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தருவது இதனால்தான்.

கருவிகளிலும் இதே முன்யோசனை உண்டு. பழைய முகப்புள்ள செஸ்னாவில் வேகமானியும் உயரமானியும் வெறும் காற்றழுத்தத்தில் வேலை செய்பவை. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானத்தின் சுழலியை, எஞ்சின் ஓட்டும் உறிஞ்சு பம்ப் சுழற்றுகிறது. திருப்பத்தைக் காட்டும் கருவி மட்டும் மின்சாரத்தில் ஓடும். பம்ப் போனால் மின்கருவி இருக்கும். மின்சாரம் போனால் பம்ப் இருக்கும். பெட்ரோல் தொட்டிகள் உள்ள இறக்கை மேலே இருப்பதால் பெட்ரோலும் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கிவிடுகிறது. மின்சாரத்தோடு போகிறவை ரேடியோ, விமானத்தை ரேடாரில் அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், விளக்குகள், எரிபொருள் அளவுமானி, மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப்பை இயக்கும் மோட்டார்.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் மின்பழுதை விமானிகள் ஏன் அஞ்சுகிறார்கள்? பெரும்பாலும் மின்சாரம் ஒரே நொடியில் போவதில்லை. முதலில், எஞ்சின் சுழற்ற மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சாகிறது. பேட்டரி அந்த நொடியே சுமையை ஏற்றுக்கொள்வதால் விளக்கு எரியும், ரேடியோ பேசும், எதுவும் மாறியதாகவே தெரியாது. வீட்டில் கரண்ட் போனது தெரியாமல் இன்வர்ட்டரில் எல்லா அறை ஃபேனையும் ஓடவிடுகிறோமே, அதே நிலைமைதான்.

ஆல்டர்னேட்டர் எப்படிச் சாகிறது? அதன் சுழலும் பகுதி ஒரு மின்காந்தம். அந்தக் காந்தத்துக்கு உயிர் கொடுக்க வெளியிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் தேவை. அதை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி கூட்டிக் குறைத்து, எஞ்சின் வேகம் எப்படி மாறினாலும் வெளிவரும் மின்னழுத்தத்தை 28 வோல்ட்டை ஒட்டியே வைத்திருக்கிறது. பேட்டரி 24 வோல்ட் என்பதால் அது சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். ஓட்டும் பெல்ட் அறுந்தாலும், சுழலும் பகுதிக்கு மின்னோட்டத்தைக் கடத்தும் பிரஷ் தேய்ந்தாலும், காந்தத்துக்குப் போகும் கம்பி கழன்றாலும் உற்பத்தி நின்றுவிடும். சில சமயம் எதுவுமே கெட்டிருக்காது. மின்னழுத்தம் கணநேரம் எகிறியதைக் கண்டு, கட்டுப்பாட்டுக் கருவியே ஆல்டர்னேட்டரை நிறுத்தியிருக்கும்.

புதிய 172களில் அழுத்தம் ஏறக்குறைய 24.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அம்மீட்டர் முள் பேட்டரி கரைவதைக் காட்டும். விமானி முதலில் ரேடியோ வகையறாவை அணைத்துவிட்டு, மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டித்துக்கொள்ளும் ஆல்டர்னேட்டர் பிரேக்கரின் குமிழ் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மாஸ்டர் சுவிட்சை அணைத்துப் போடுவார். அந்தச் சிவப்பு சுவிட்ச் இரண்டு பாதிகளாக இருக்கும், ஒன்று பேட்டரிக்கு, மற்றது ஆல்டர்னேட்டருக்கு. கணநேர எகிறலால் நின்றது என்றால் இதிலேயே உயிர் வந்துவிடும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் பாதியை அணைத்துவிட வேண்டும். விழுந்த பிரேக்கரைத் திரும்பத் திரும்ப அழுத்துவது தீயை அழைப்பதற்குச் சமம்.

இனிக் கணக்கு எளிது. 13 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் இழுத்தால் காகிதத்தில் 39 நிமிடம் வரும். பேட்டரி பழசு என்றால் அதுவும் வராது. சுமையை 5 ஆம்பியருக்குக் குறைத்தால் அதே பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இறங்கு விளக்கும், வேகமானியின் குழாயைச் சூடாக்கும் ஹீட்டரும் பெருந்தீனிக்காரர்கள். தேவையில்லை என்றால் முதலில் அவற்றைத்தான் அணைக்க வேண்டும். ரேடியோவில் கேட்பதற்கு ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான், பேசுவதற்குப் பல மடங்கு. அதனால் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அருகிலுள்ள ஓடுபாதைக்குத் திரும்புவதே வழி.

இந்தக் கணக்கைப் போடத் தவறியதால் நேர்ந்த விபத்துதான் ஏர் இல்லினாய் 710. 1983 அக்டோபர் 11, இரவு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கார்பன்டேலுக்குக் கிளம்பியது ஹாக்கர் சிட்லி 748 விமானம். கான்பூரில் நாமும் 'ஆவ்ரோ' என்ற பெயரில் கட்டிய அதே ரகம். மேலெழுந்த சற்று நேரத்தில் இடது ஜெனரேட்டர் செத்தது. துணை விமானி தவறுதலாக நல்ல நிலையிலிருந்த வலது ஜெனரேட்டரைத் துண்டித்தார். பிறகு அதை மீண்டும் இணைக்க முடியவில்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் சில நிமிடத் தொலைவில்தான் இருந்தது. கேப்டன் திரும்பவில்லை. சுமையைக் குறைத்து, பேட்டரியை நம்பி மேகத்துக்குள் போய்க்கொண்டேயிருந்தார். மின்னழுத்தம் இறங்க இறங்கத் துணை விமானி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பறந்தபின், மின்சாரத்தை நம்பியிருந்த கருவிகள் அடங்க, தொடுவானம் தெரியாத இருட்டில் விமானம் பிங்க்னிவில் அருகே விழுந்தது. 10 பேரும் இறந்தார்கள். திரும்பாமல் பயணத்தைத் தொடர்ந்த முடிவையே விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. எனக்கும் அதில் மறுப்பில்லை. பழுது அந்த விமானத்துக்குத் தந்த அவகாசம் திரும்பி இறங்கத் தாராளமாகப் போதும்.

பகல் வெளிச்சத்தில், மேகமில்லாத வானில் பேட்டரியும் அடங்கினால் கதை வேறு. பேட்டரி இருக்கும்போதே டிரான்ஸ்பாண்டரில் 7600 என்ற குறியெண்ணைப் போட்டிருந்தால், ரேடியோ பழுது என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். கோபுரத்திலிருந்து, வண்ண ஒளியைக் குறிபார்த்து வீசும் ஓர் ஒளித்துப்பாக்கியை விமானத்தை நோக்கிப் பிடிப்பார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டு வட்டமடி. விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. புரிந்தது என்று விமானி இறக்கைகளை இருபுறமும் ஆட்டிக் காட்டுவார். ஃபிளாப் இறங்காது. ஆகவே வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்தில் வந்து, கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்க முடியும்.

மேலே சொன்னதெல்லாம் மேக்னெட்டோ உள்ள எஞ்சினுக்கு. எஞ்சினையே கணினி ஓட்டும் விமானத்தில் கதை தலைகீழ். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஷ்பையரில் டயமண்ட் டிஏ42 ஒன்று, பேட்டரி இறங்கியிருந்ததால் தரையிலிருந்த மின்சாரத்தின் உதவியோடு எஞ்சின்களை இயக்கிக் கிளம்பியது. மேலெழுந்ததும் சக்கரங்களை உள்ளிழுக்கும் மோட்டார் மின்சாரத்தை வாரி இழுத்தது. பலவீனமான பேட்டரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. அந்த ஒரு கணத்தில் எஞ்சின் கணினிகள் மறுதொடக்கம் ஆக, இரண்டு எஞ்சின்களும் ஒருசேர நின்றன. எஞ்சின் இரண்டு இருந்தும், இரண்டும் நம்பியிருந்த மின்சாரம் ஒன்றுதான். பிறகு எஞ்சின் கணினிகளுக்கென்றே தனித் துணை பேட்டரி வைத்தார்கள்.

திரைமுகப்பு கொண்ட இன்றைய செஸ்னா 172களிலும் முக்கியத் திரைக்கென ஏறக்குறைய அரை மணி நேரம் தாங்கும் தனி பேட்டரி உண்டு. எஞ்சினை இயக்குமுன் அதன் சுவிட்சைச் சோதனை நிலையில் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பச்சை விளக்கு அணையாமல் நின்றால்தான் பட்டியலில் அடுத்த வரிக்குப் போகலாம்.