வால்வு, வெற்றிடக் குழல், திரிபு: சின்தசைசர்காரர்களுக்கு ஒரு சொல் விளக்கம்

'வால்வு ரேடியோ' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வால்வேதான் மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சில சின்தசைசர்களுக்குள்ளும் இருக்கிறது. 1904இல் இங்கிலாந்தில் ஆம்புரோஸ் ஃபிளெமிங் செய்த, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழில் மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே போனது, அதனால் அவர் அதை வால்வு என்றார். லத்தீனில் 'வால்வா' என்பது மடிப்புக் கதவின் ஒரு பலகை. அமெரிக்கர்கள் வடிவத்தைப் பார்த்து டியூப் என்றார்கள். நம் ஊர் ரேடியோ மெக்கானிக் வரை வந்து சேர்ந்தது பிரிட்டிஷ்காரர்களின் சொல்.

இசைக்குக் கைகொடுத்தது அதற்கு அடுத்த படி. அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் உள்ளே மூன்றாவதாக கிரிட் என்ற கம்பி வலையைச் சேர்த்தார். கிரிட்டில் மின்னழுத்தம் கொஞ்சம் மாறினாலே, எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்க்குப் பாயும் எலக்ட்ரான்களின் ஓட்டம் பெரிதாக மாறும். இதுதான் மும்முனையம் (ட்ரையோடு).

தமிழில் வெற்றிடக் குழாய், வெற்றிடக் குழல் இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு குழலுக்கு. குழாய் என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. குழல் என்றால் ஊதுகுழலும் கூடவே வருகிறது, இசைக்கருவிக்குள் இருக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சரி, ஒலியலையின் வடிவம் மாறிப்போகும் டிஸ்டார்ஷனுக்கு? உருக்குலைவு என்று எழுதினால் ஏதோ கெட்டுப்போன மாதிரி இருக்கிறது. திரிபு என்பதே சரி, பொன்னும் குடமும் சேரும்போது பொற்குடம் ஆகிறதே, அந்தத் திரிதல். குழலுக்குள் நடப்பதும் அப்படித்தான்: அளவுக்கு மீறிய ஒலியலையை கிரிட்டில் கொடுத்தால் அலையின் ஒரு முகடு மெல்ல மழுங்கும், மறுபக்கம் வேறு விதமாக மழுங்கும், இந்தச் சமமின்மையால் மூலத்தில் இல்லாத சுரங்கள் பிறக்கும். 220 ஹெர்ட்ஸில் ஸ கொடுத்தால் 440இல் மேல் ஸ்தாயி ஸ எழும், இன்னும் அழுத்தினால் 660இல் அதன் பஞ்சமமும் சேரும். குழல் ஒலியை 'கதகதப்பு' என்று சொல்வதற்குப் பெரிய காரணம் இந்த மேல் ஸ்தாயி ஸதான். 2003இல் வந்த, கோர்க் நிறுவனத்தின் எலக்ட்ரைப் ஈஎம்எக்ஸ்-1 கருவியில் 12ஏஎக்ஸ்7 என்ற வகைக் குழல்கள் இரண்டு இதற்காகவே இருக்கின்றன. சுண்டுவிரல் அளவு, அடியில் ஒன்பது ஊசிகள், ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனையங்கள்.

மாடுலேஷனுக்குப் பாடப்புத்தகச் சொல் பண்பேற்றம், அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரு அலையின் பண்பை இன்னொரு அலை மாற்றுவது. ரேடியோவில் வந்த அலையின் அதிர்வெண்ணை மாற்றுவதற்கென்றே செய்த ஐந்து கிரிட் குழல் ஒன்று உண்டு, அதில் இரண்டு ஒலிகளை வெவ்வேறு கிரிட்டில் கொடுத்தால் கூட்டலும் கழித்தலும் வெளியே வரும். 440ஐயும் 100ஐயும் கொடுத்தால் 540, 340. மூல ஒலிகளும் கொஞ்சம் கசியும். மணியோசைக்கும் உலோகத் தட்டல்களுக்கும் இது நல்ல வழி. கலிஃபோர்னியாவின் மெட்டாசோனிக்ஸ் நிறுவனம் முழுக்க முழுக்கக் குழலை நம்பியே இப்படி முரட்டு ஒலிக்கருவிகள் செய்தது.

ஆனால் இந்த விஷயத்தில் முன்னோடிகள் என்று நான் கொண்டாடுவது நியூயார்க்கின் லூயி, பீபி பேரன் தம்பதியைத்தான். 1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்கு அவர்கள் குழல் மின்சுற்றுகளைத் தாங்களே கட்டி, தாங்க முடியாத அளவு மின்சாரம் ஏற்றி, அவை கதறி எரிந்து அடங்கும் வரை டேப்பில் பதிவு செய்தார்கள். எரிந்துபோன சுற்று திரும்ப அதே ஒலியைத் தராது, டேப்பில் இருப்பதுதான் மிச்சம். பண்பேற்றமும் திரிபும் அங்கே தனித்தனி வேலைகளாக இல்லை, ஒரே சுற்றுக்குள் ஒன்றாக நடந்தன.

அப்புறம் ஒரு சிக்கல். 2015இல் கோர்க் அறிவித்த நியூட்யூப் தட்டையான கண்ணாடிச் சில்லு, உள்ளே வெற்றிடம் உண்டு, குழல் வடிவம் இல்லை. அதற்கு மட்டும் வெற்றிட மும்முனையம் என்று எழுதுவது நல்லது.