முகம் குப்புற மிதப்பவர் மீனைத்தான் பார்க்கிறாரா?

சென்ற மாதம் ஒரு பிற்பகலில், மாலத்தீவில் நான் மருத்துவராகப் பணிபுரியும் சுற்றுலாத் தீவில், ஐம்பத்தெட்டு வயதான ஒருவரை மார்பளவு ஆழமே உள்ள நீரிலிருந்து தூக்கி வந்தார்கள். திருமணமாகி முப்பது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட மனைவியுடன் வந்திருந்தவர் அவர். மதிய உணவுக்குப் பிறகு, முகம் குப்புற மிதந்தபடி மீன்களைப் பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்காக முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, தங்கியிருந்த குடிலின் படிகள் வழியாகவே கடலில் இறங்கியிருக்கிறார். மனைவி மேல்படியில் அமர்ந்து அவர் மிதப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடங்களுக்கு மேல் முயன்றும் அவருடைய இதயத்தை எங்களால் மீட்க முடியவில்லை. மாலையில் அந்த அம்மையார் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டி, இவற்றுள் எந்தப் படம் வரை அவர் உயிரோடு இருந்தார் என்று என்னிடம் கேட்டார். எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே இருந்தன. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மையாரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். இந்தப் பருவத்தில் இப்படி என் மேசைக்கு வந்த முதல் ஆள் அவர் கணவர் அல்லர் என்பதால் இனியும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

மாலத்தீவில் சுற்றுலா 1972-இல் தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே இங்குள்ள வழக்கம். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் மது விற்கத் தடை உண்டு, ரிசார்ட் தீவுகளில் அது இல்லை. அவற்றுள் சில தீவுகள் பெரியவர்களுக்கு மட்டுமே அறை தருகின்றன, உணவு, மது, நீர் விளையாட்டுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகையாக வாங்கிக்கொள்கின்றன. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் புதுமணத் தம்பதியர் நிறையவே வருகிறார்கள். குழந்தைகளின் கூச்சல் இல்லாத அமைதியைத் தேடி வருவதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை இருப்பதை நான் இங்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். குழந்தைகள் விளையாடும் கடற்கரையில், தம் குழந்தையோ அடுத்தவர் குழந்தையோ, எப்போதும் யாராவது ஒருவர் நீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரியவர்கள் மட்டும் இருக்கும் கடற்கரையில் அந்தக் கண்கள் இல்லை. எல்லாரும் படிக்கிறார்கள், உறங்குகிறார்கள், வளர்ந்த மனிதர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள்.

இங்கு நான் வாரந்தோறும் கேட்கும், கேட்கும்போதெல்லாம் பொறுமையை இழக்கவைக்கும் ஒரு வாக்கியம் உண்டு: "ஸ்நார்க்கெலிங்குக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை டாக்டர், சும்மா மிதந்தால் போதும்." இது தவறு. எவ்வளவு தவறு என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நீரில் கழுத்தளவு நிற்கும்போதே, கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் நீரின் அழுத்தத்தால் மார்புக்குள் தள்ளப்படுகிறது. ஆரோக்கியமான இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்தோடு போராடித் தடித்துப்போன இதயம் தடுமாறும். அதே நேரத்தில் குழாய் வழியாக மூச்சிழுப்பவரின் நுரையீரல், கரையில் இருப்பதைவிடக் கூடுதல் விசையோடு காற்றை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. குழாய் குறுகலாக இருந்தால், அல்லது நீர் புகாதிருக்க அதில் அடைப்பிதழ்கள் பொருத்தியிருந்தால், அந்த விசை இன்னும் கூடும். மார்புக்குள் இரத்தம் நிறைந்திருக்க, உறிஞ்சும் விசையும் சேரும்போது, நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து திரவம் காற்றறைகளுக்குள் கசிகிறது. கடல் நீர் ஒரு துளிகூட உள்ளே போகாமலேயே ஒருவருக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். ஸ்நார்க்கெல் மரணங்கள் அதிகம் நிகழும் ஹவாயில் இதையே ஆராய்ந்த மருத்துவர்கள், அங்கு நடந்த பல மரணங்களுக்கு நீரை உறிஞ்சியது காரணம் அன்று, இப்படித் திடீரென நுரையீரலில் திரவம் சேர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அவர்கள் சொன்ன மற்றொன்றையும் நான் வருவோரிடம் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அங்கு ஆபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கால் தரையில் எட்டும் ஆழத்திலேயே சிக்கினார்கள்.

ஆகவே "இடுப்பளவுத் தண்ணீர்தானே" என்ற பேச்சை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். உடலில் ஆக்சிஜன் குறைந்த ஒருவருக்கு முதலில் வலுவிழப்பவை கைகால்கள். எழுந்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் வருவதற்குள் நினைவு மங்கிவிடுகிறது. முகம் முழுவதையும் மூடும் முகமூடியை அணிந்தவருக்கு, வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுக் காற்றை இழுக்கும் வாய்ப்பும் கிடையாது. பட்டையைத் தலைக்குப் பின்னால் தேடிக் கழற்ற வேண்டும். நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்த தவறான நம்பிக்கை, மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்பது. அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா 1970-களிலேயே இதைக் கவனித்து எழுதினார்: மூழ்கத் தொடங்கியவருக்கு மூச்சு வாங்கவே வாய் போதாது, அவரால் குரல் எழுப்ப முடியாது, கைகள் நீரை அழுத்தி உடலை மேலே தூக்க முனைவதால் அசைத்துக்காட்டவும் முடியாது, இருபது முதல் அறுபது நொடிகளுக்குள் நீருக்கடியில் போய்விடுவார். மூச்சுக்குழாய் அணிந்தவருக்கு அந்த நொடிகளின் தடுமாற்றம்கூட வெளியே தெரிவதில்லை. அவர் முன்பே முகம் குப்புறத்தான் மிதந்துகொண்டிருந்தார், இப்போதும் அப்படியேதான் மிதக்கிறார். படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மையாரின் மேல் எந்தக் குறையும் இல்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மதுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தீவுகளைப் பற்றி எழுத முடியாது. எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம் என்ற எண்ணம், காலை பத்து மணிக்கே கோப்பையைக் கையில் எடுக்கவைக்கிறது. எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் "இரண்டுதான்" என்கிறார்கள், ஆனால் அந்த இரண்டும் வீட்டில் அளந்து ஊற்றிக்கொள்ளும் இரண்டு அல்ல. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த வெயிலில் உடல் நீரை இழந்துகொண்டே இருக்க, மது அதை இன்னும் வெளியேற்றுகிறது. தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. மூச்சு முட்டுவதை உணர்ந்து திரும்பிவிட வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அது மழுங்கடித்துவிடுகிறது. நன்றாகக் குடிக்கத் தெரிந்தவர் என்ற பெயர் கடலுக்குத் தெரியாது. மேலும், மது அருந்திய நிலையில் நேரும் விபத்துகளுக்குப் பல பயணக் காப்பீடுகள் இழப்பீடு தருவதில்லை. உங்கள் பத்திரத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

மதுவால் நேரும் இன்னொரு தீங்கு, அது மருந்துப் பெட்டியை மூடவைப்பது. மாத்திரையும் மதுவும் சேரக்கூடாது என்று கேள்விப்பட்டவர்கள், மதுவை விடுவதற்குப் பதிலாக மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விடுமுறை ஒரு வாரம்தானே என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துகிறார்கள். அவற்றுள் சில, குறிப்பாக இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்தவை, திடீரென நிறுத்தினால் இதயத்துடிப்பையும் அழுத்தத்தையும் முன்பைவிட மேலே எகிறச் செய்யக்கூடியவை. ஓர் இதயநோயாளி தம் மருந்தை விட்டு, விடியவிடியக் கண்விழித்து, மது அருந்தி, வெயிலில் கிடந்து, பிறகு மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு நீரில் இறங்குவதை அந்தத் தீவில் யாருமே விபரீதமாகக் கருதுவதில்லை என்பதுதான் என் கவலை.

இங்கே மருத்துவர் என்ற முறையில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். தம்பதியர் மட்டுமே தங்கும் தீவுகளில் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகள் பயன்படுத்துவோர் பலர். நெஞ்சுவலியோடு வருபவருக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மருந்தைக் கொடுக்கும் முன் நான் அதைக் கேட்டே ஆகவேண்டும், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு சரியும். சில்டெனாஃபில் எடுத்து ஒரு நாள், டடலாஃபில் எடுத்து இரண்டு நாள் ஆகும்வரை நைட்ரேட் கூடாது. மனைவி அருகில் இருக்கிறார் என்று மறைக்காதீர்கள். தேவையானால் தனியாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள்.

பவளப்பாறையின் விளிம்பைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள் போதும். கரையை ஒட்டிய நீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும், பாறை முடியும் இடத்தில் கடல் செங்குத்தாக இறங்குகிறது. தீவுகளுக்கிடையே கால்வாய்போல் அமைந்த இடங்களில் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துச் செல்லும். நேற்று அமைதியாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது. நீர் விளையாட்டு மையத்தில் காலையில் கேளுங்கள். நச்சு முட்கள் கொண்ட கல் மீனையோ வேறு கடல் உயிரியின் முள்ளையோ மிதித்துவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

இந்தத் தீவில் என்னிடம் இருப்பவை ஆக்சிஜன் உருளைகள், இதயத்துடிப்பை மீட்கும் மின்னதிர்வுக் கருவி, சில மருந்துகள், ஒரு செவிலியர். பெரிய மருத்துவமனை தலைநகர் மாலேயில் இருக்கிறது. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். இருட்டிய பிறகு படகுதான், அதுவும் கடல் அனுமதித்தால். சென்னையில் ஆம்புலன்ஸில் இருபது நிமிடத்தில் போய்ச் சேர்வதை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கு இதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வந்து இறங்கிய நாளில் நீரில் இறங்காதீர்கள், உறங்கி எழுங்கள். நீந்துவதை முதலில் வையுங்கள், மதுவைப் பிறகு வையுங்கள். வரிசை மாறிவிட்டால் அன்றைக்குக் கடல் வேண்டாம். குழாயை அணிந்துகொண்டு நிற்கும் ஆழத்தில் பத்து நிமிடம் பழகுங்கள். சற்றும் எதிர்பாராமல் மூச்சிரைத்தால், உடனே குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து திரும்புங்கள், கையை உயர்த்துங்கள், கரைக்கு வாருங்கள். இன்னும் ஒரு மீனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் மிதவை அங்கி இல்லாமல் இறங்கவே கூடாது. நம் ஊரிலிருந்து வரும் இளைஞர்கள், புது மனைவியின் முன்னால் அதை அணிய வெட்கப்பட்டுக் கழற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தம்பி, அதை அணிந்துகொள், உன்னைத் திரும்ப அழைத்துப்போகத்தான் அவள் வந்திருக்கிறாள்.

இருவரும் சேர்ந்தே இறங்குங்கள், கை எட்டும் தொலைவில் இருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தம் தலையைத் தூக்கி விரலால் ஒரு சைகை காட்ட வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சைகை வரவில்லையென்றால் தொட்டுப் பாருங்கள். தொட்டும் அசைவு இல்லையென்றால் முகத்தை மேல்நோக்கித் திருப்பி, கத்தி ஆட்களைக் கூப்பிட்டு, கரைக்குக் கொண்டு வாருங்கள். திரைப்படங்களில் காட்டுவதுபோல் வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற முயலவே வேண்டாம்; வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்ச் சேரும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. ஐரோப்பிய வழிகாட்டுதல் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதிவிட்டு, அதன் பிறகே நெஞ்சை அழுத்தத் தொடங்கச் சொல்கிறது. நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று நகரங்களில் கற்றுத்தருவது திடீர் இதய நிறுத்தத்துக்கு உரியது, இதற்கு அன்று.

ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்க விரும்புவோர், இங்குள்ள சட்டம் பொழுதுபோக்கு மூழ்கலுக்கு 30 மீட்டர் என்று வரம்பு வைத்திருப்பதையும், பல நாள் மூழ்கியவர்கள் கடைசி மூழ்கலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பதையும் பயணத் தேதியைக் குறிக்கும்போதே கணக்கில் கொள்ளுங்கள். பல மையங்கள் 24 மணி நேரம் கேட்கின்றன. அதையே கடைப்பிடியுங்கள், கடல் விமானத்தையும் விமானமாகவே எண்ணுங்கள்.

வந்த அன்று, பெட்டியைப் பிரித்ததும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு தீவின் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் வந்துவிட்டுச் செல்லுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரரின் மாத்திரை அட்டையை அவர் இறந்த பிறகுதான் நான் பார்த்தேன். ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் கிழமையின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அவர் வீட்டிலிருந்து கிளம்பிய சனிக்கிழமை வரை பிரிக்கப்பட்டிருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் அப்படியே இருந்தன.