பொன்னியின் செல்வன் மறந்துபோனதற்கு ஸ்கேனா?

போன வாரமும் ஒருவர் எம்.ஆர்.ஐ. படங்களோடு வந்து உட்கார்ந்தார். எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, அவராகவே போய் எடுத்திருக்கிறார். ரிடையர் ஆனபின் பொன்னியின் செல்வனை மறுபடி கையில் எடுத்தாராம். ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது அப்படியே நினைவிருக்கிறது, மூன்றாம் பாகமோ புதுசாகப் படிப்பதுபோல் இருக்கிறது, "அல்சைமர்தானே டாக்டர்?"

இல்லை சார். எது மறந்தது, எந்த இடத்தில் குழம்பினீர்கள், எப்போது பயம் வந்தது என்று இவ்வளவு கோவையாகச் சொல்கிறீர்களே. டிமென்ஷியா (மறதி நோய், அல்சைமர் அதில் ஒரு வகை) வந்தவர் பெரும்பாலும் தானாக என்னிடம் வருவதில்லை. பிள்ளைகள் கூட்டி வருவார்கள், அவர் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்.

எத்தனை தடவை சொன்னாலும் தீராத விஷயம் இது: பள்ளி வயதில் படித்த நாவலின் கதை மறப்பது நோய் இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை, ஐந்து பாகம், யாருக்கு யார் என்ன முறை என்று முப்பது வயதுக்காரருக்கே குழம்பும். சில காட்சிகள் தங்கும், மிச்சத்தை நாமே இட்டு நிரப்பிக்கொள்வோம். ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-லேயே இதை எழுதிவிட்டார், படித்த கதையைத் திரும்பச் சொல்லும்போது மனிதர்கள் அதைச் சுருக்கித் தங்களுக்குப் பழகியபடி மாற்றிவிடுகிறார்கள் என்று. போதாக்குறைக்கு இப்போது சினிமாக் காட்சிகளும் சேர்ந்து கலந்துவிட்டன.

பயப்பட வேண்டியது வேறு. நேற்றிரவு படித்த பக்கம் இன்று சுத்தமாக நினைவில்லை, அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் வாரக்கணக்கில் அதே பக்கத்தில் நிற்கிறது, கேட்ட கேள்வியையே அரை மணிக்குள் மறுபடி கேட்கிறார், பழகிய தெருவில் வழி தடுமாறுகிறது, கடைக்காரரிடம் மீதிச் சில்லறை எண்ண வரவில்லை என்றால் வாருங்கள், அதை "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் மூடி வைக்காதீர்கள், தயவுசெய்து.

எல்லாமே டிமென்ஷியாவும் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கெட்டுப்போன தூக்கம், காது மந்தம், எதுவும் காரணமாகலாம், பலதைச் சரிசெய்யலாம். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கும் மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை, இவையும் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும் (இதை மட்டும் யாருமே சொல்வதில்லை, நான்தான் துருவிக் கேட்கவேண்டியிருக்கிறது). வல்லாரை கேப்ஸ்யூலை ஆறு மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாளைக் கடத்தாதீர்கள். வரும்போது கூடவே இருப்பவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் எடுத்து வாருங்கள். பெயர் மறந்துவிட்டால் பரவாயில்லை, அட்டையையே கொண்டுவந்து காட்டுங்கள்.