ஆயாவின் கன்னத்தில் வண்ணப் புள்ளிகள்

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். குத்துவிளக்கு வெளிச்சத்தில் அவருடைய ஆயா. பாதி முகம் தெரிகிறது, மீதி இருட்டு. ஃபோனில் எடுத்தது, நன்றாகவே இருக்கிறது. நிழல் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சமாக்கலாமே என்று எடிட் செய்தாராம். கன்னமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். பார்த்த அத்தை, போன வருஷம் தவறிய தாத்தாதான் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று சொல்லிவிட்டார்.

தாத்தாவை விட்டுவிடுவோம். இது மழைக் கணக்கு.

முற்றத்தில் ஒரே அளவு டம்ளர்களை வரிசையாக வையுங்கள். டர்பனில் கோடையில் கொட்டுமே, அந்த மழையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு நிறையும். லேசாகத் தூறி நின்றுவிட்டால்? ஒன்றில் ஐந்து துளி, பக்கத்தில் இரண்டு, அடுத்தது காய்ந்து கிடக்கும். ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. துளிக்குப் பெயர் ஃபோட்டான். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் குட்டிக் கட்டமான பிக்சல்தான் டம்ளர். சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவில் இருக்கும். ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 மட்டுமே விழும் நிழலில் அது 10. பத்து சதவீதம்! நிழலைத் தூக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வும் கூடவே எழுந்து வருகிறது. ஒவ்வொரு பிக்சல் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒரு வடிகட்டிதான் உண்டு. சிவப்பு டம்ளரில் தற்செயலாகத் துளி கூடினால் அங்கே சிவப்புப் புள்ளி. எவ்வளவு விலை கொடுத்து கேமரா வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது, ஒளியின் சுபாவமே அப்படி.

ஆக, இருட்டுப் படம் வேண்டுமென்றால் வெளிச்சமாக எடுக்க வேண்டும். வெளிச்சப் பக்கம் வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, ஏற்றி எடுங்கள். அப்புறம் எடிட்டில் நிழலை இறக்கிக் கருப்பாக்கலாம். பின்சுவர் கருக்க வேண்டுமா, சின்ன விளக்கை முகத்தருகே கொண்டு போங்கள். விளக்கிலிருந்து முகம் அரை மீட்டர், சுவர் இரண்டு மீட்டர் என்றால் சுவருக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்குதான். இல்லையென்றால் நைட் மோடு. 16 படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் புள்ளிகளின் தொல்லை நாலில் ஒன்றாகும், ஆயா அசையாமல் உட்கார்ந்தால்.

தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் 2005-இல் திறந்த சால்ட் (SALT) என்ற பெரிய தொலைநோக்கியில் 91 அறுகோணக் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்திருப்பதும் அதிகத் துளி பிடிக்கத்தான். நட்சத்திரம் பார்க்க இவ்வளவு பணமா என்று கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். ஆவி ஓட்டக் கொடுக்கும் காசை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அத்தைக்கு ஒரு சோதனை. ஃபோனை அசைக்காமல் வைத்து அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்துக் காட்டுங்கள். புள்ளிகள் இடம் மாறியிருக்கும். தாத்தா அப்படி ஓடியாடுகிற ஆளா என்று கேளுங்கள்.