தமிழில் எழுதினால் குப்பையா?

சிங்கப்பூரின் தேக்காவில் கேட்டரிங் நடத்தும் ஒருவரின் இணையத்தளத்தைச் சென்ற ஆண்டு பராமரிக்க எடுத்துக்கொண்டேன். அவர் முதலில் சொன்னது இதுதான்: "அந்த ஆர்டர் படிவத்தை எடுத்துவிடுங்கள் தம்பி. வருவதெல்லாம் குப்பை. உருப்படியாக ஒன்றும் வந்ததில்லை."

எடுப்பதற்கு முன் உள்ளே போய்ப் பார்த்தேன். முந்தைய நாள் விடியற்காலையில் மட்டும் நாற்பதுக்கு மேல் வந்திருந்தன. பெயர்க் கட்டத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள், 8 இலக்கம் இருக்க வேண்டிய தொலைபேசி எண்ணில் 11 இலக்கம், கீழே சூதாட்டத் தளங்களின் இணைப்புகள். இதெல்லாம் நான் தினமும் பார்ப்பதுதான். தடுக்கப்பட்டவை கிடக்கும் பெட்டியைத் திறந்தபோதுதான் மனம் கனத்துவிட்டது. உட்லண்ட்சிலிருந்து ஓர் அம்மா தமிழில் எழுதியிருந்தார். மகளுக்கு வளைகாப்பு, அறுபது பேருக்குக் கலவை சாதம் வேண்டும், என்ன விலை ஆகும்? நான்கு நாள் கழித்து மீண்டும் எழுதியிருந்தார்: "பதில் இல்லையே, கடை நடக்கிறதா?" இரண்டும் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தன.

காரணம் ஒரே ஒரு வரி. ரஷ்ய எழுத்தில் குவிந்த விளம்பரங்களை நிறுத்த, ஆங்கில எழுத்தல்லாத எதையும் ஏற்காதபடி யாரோ விதி எழுதிவைத்திருந்தார். தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் நாட்டில், தமிழர் நடத்தும் கடையில், தமிழில் கேட்டவருக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது. இதைச் சிறு தவறு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

எரிதம் எனப்படும் இந்தக் குப்பைச் செய்திகளில் பெரும்பாலானவற்றை அனுப்புவது மனிதர் அல்லர். படிவங்களைத் தேடிப்போய் நிரப்பும் கணினி நிரல்கள். எங்காவது ஒரு பக்கத்தில் தங்கள் இணைப்பு பதிந்தால் தேடுபொறியில் மேலே ஏறலாம் என்பது அனுப்புவோரின் கணக்கு. 'இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்ல 2005 ஜனவரியில் கூகுள் கொண்டுவந்த 'நோஃபாலோ' குறி அந்த ஆதாயத்தைக் குறைத்தது. ஆனால் ஆயிரம் அனுப்பினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால் நிற்கவில்லை. சிங்கப்பூரில் 2007 முதல் எரிதக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. மொத்தமாக விளம்பர மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்புவோர் அவற்றிலிருந்து விலக வழி தர வேண்டும். நேர்மையான வணிகர் அதற்குக் கட்டுப்படுவார். எங்கோ ஓடும் நிரல் கட்டுப்படுமா?

ஆகவே வடிகட்டுவது நம் வேலை. நான் முதலில் வைப்பது, தொழிலில் 'ஹனிபாட்' என்று சொல்லும் பொறி. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் சேர்ப்பேன். மனிதர் அதைத் தொடமாட்டார். நிரல் கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பும், அங்கேயே மாட்டிக்கொள்ளும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அந்தக் கட்டத்தைப் படிக்காதபடி மறைப்பது முக்கியம். இல்லாவிட்டால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அடுத்தது நேரம்: படிவம் திறந்த மூன்று வினாடிக்குள் வளைகாப்பு விவரத்தை யாரும் எழுதி முடிக்க முடியாது. பல இணைப்புகள் உள்ள செய்தியை அழிக்காமல் தனியே நிறுத்திவைப்பேன்.

போக்குவரத்து விளக்குப் படங்களைப் பொறுக்கச் சொல்லும் கேப்ட்சாவை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். எழுபது வயதுக்காரர் இரண்டு முறை தவறினால் ஃபோனைக் கீழே வைத்துவிடுவார். மனிதன்தான் என்று நிரூபிக்கும் சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவது சரியில்லை.

இவ்வளவு செய்தாலும் தடுக்கப்பட்ட பெட்டியைத் தினமும் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். அதில் உள்ள இணைப்புகளைத் தொடக் கூடாது, 'விலக இங்கே அழுத்தவும்' என்பதையும் சேர்த்துத்தான். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே அறிவித்தது போலாகிவிடும்.

கடைக்காரர் அந்த அம்மாவை அழைத்து மன்னிப்புக் கேட்டார். பேரன் பிறந்துவிட்டான் என்று மட்டும் சொன்னாராம்.

நீங்களும் கடையோ சங்கமோ நடத்துபவராக இருந்தால், இன்றிரவு உங்கள் படிவத்தில் தமிழில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அது எந்தப் பெட்டியில் போய் விழுகிறது என்று நாளைக் காலையில் தேடிப் பாருங்கள்.